ஒரு கை தூரம்

செவ்வாய், புதன் எனக்கு வேலை இல்லை.
கிடங்கில் ஆர்டர் குறைவாம்.
ஃபோர்க்லிஃப்டுகள் பிளக்கில் செருகியபடி தூங்குகின்றன.
வுப்பர்டாலில் மழை மட்டும்
முழுநேர வேலையில் இருக்கிறது.

ஆகவே ஒரு பெட்டி வாங்கினேன்.
ஐந்து காவல் வீரர்கள், சாம்பல் பிளாஸ்டிக்,
கை தனி, தலை தனி, ஈட்டி தனி.
நிறுத்திப் பார்த்தால்
கட்டைவிரலின் மேல்கணு அளவு.
வெட்டினேன். வார்ப்பின் தழும்பைச் சுரண்டினேன்.
முதல் ஆளுக்கு இடது கையை வலப்பக்கம் ஒட்டினேன்.
பசை என் ஆள்காட்டி விரலையும்
படையில் சேர்த்துக்கொண்டது.

அடிப்பூச்சை வெளியில் வைத்து அடிக்கவும், வறண்ட நாளில்,
என்று டப்பாவில் போட்டிருந்தது.
வறண்ட நாள்!
எழுதியவர் இந்த ஊரைப் பார்த்ததில்லை.
இரண்டு தூறலுக்கு நடுவே பால்கனியில் அடித்தேன்.
ஈரக் காற்றில் ரவை ரவையாய்ப் படிந்தது,
ஐவருக்கும் அம்மை போட்டதுபோல.

பிறகு நிறம். குப்பியிலிருந்து நேராக எடுத்து அப்பினேன்.
"மூக்கு எங்கே?" என்றாள் சுகந்தி,
வேலைக்குப் புறப்பட்டவள், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு.
இருந்தது, அடியில் எங்கோ.
பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகியிருந்தால்
குரங்குக்காவது முகம் இருந்திருக்கும்.

தண்ணீர் சேர்க்க வேண்டுமாம்.
தோசைமாவுப் பதம் இல்லை, மோர்ப் பதம்.
ஒரு பூச்சு போதாததுபோலத் தோன்றும்; தோன்றட்டும்.
காயவிட்டு இன்னொன்று.
காய்வதற்குள் கை வைக்காதிருப்பதுதான் முழு வித்தையும்
என்று இரண்டாவது ஆளில் புரிந்தது.
மூன்றாவது ஆளில் மறந்துபோனது.
தூரிகையைத் தேநீரில் கழுவிவிட்டேன்.
நல்லவேளை, மறுதலையாக நடக்கவில்லை.
நடந்தது; அது மறுநாள்.

இரண்டு டன் சரக்கை
ஒரு விரலால் ஆறு மீட்டர் உயர்த்தி
முட்டை வைப்பதுபோல் வைக்கத் தெரிந்த கை இது.
ஒரு சொட்டின் கால்வாசியை
இடுப்புவாரில் வைக்கச் சொன்னால் நடுங்குகிறது.
மூச்சை அடக்கினேன். மணிக்கட்டை மேசையில் ஊன்றினேன்.
வெளியே தொங்குரயில் ஆற்றின்மேல் வளைந்து போக
ஜன்னல் அதிர்ந்தது.
வார் முழங்கால்வரை இறங்கியது.

தோல் என்று பெயரிட்ட குப்பியில்
அவித்த இறாலின் நிறம் இருந்தது.
மரத்துக்கென்று வாங்கிய பழுப்பைச் சேர்த்தேன்,
கொஞ்சம் சிவப்பு, துளி மஞ்சள்.
என் புறங்கையில் தொட்டுத் தொட்டுப் பார்த்து,
தொட்ட இடத்தைத் தேட வேண்டியிருந்தபோது
நிறுத்தினேன்.
அந்தக் கலவை மறுபடி கைக்கு வரவில்லை.
ஐவரும் ஐந்து நிறம்,
ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

கண் கடைசி.
கோயில் சிலை என்றால் கண் திறக்க நாள் பார்ப்பார்கள்.
எனக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை ராகுகாலம்,
ஒரு மேசைவிளக்கு, ஒரு பல்குத்தி.
வெள்ளை வைத்தேன். நடுவில் கறுப்பு.
ஒருவன் தன் மூக்கையே பார்த்தான்.
ஒருவன் திடுக்கிட்டு நின்றான்,
எதிரியைக் கண்டல்ல, என்னைக் கண்டு.
மற்ற மூவருக்கும் கண்ணே வைக்கவில்லை.
இமை மூடியதாக இருக்கட்டும்.
காவலர்கள் தூங்குவது உலக வழக்கம்;
எங்கள் கிடங்கிலும் அப்படித்தான்.

அதற்குமேல் ஒரு கறுப்புக் கரைசல்.
அழுக்குத் தண்ணீருக்கா இவ்வளவு விலை என்று நினைத்திருந்தேன்.
அது மடிப்புகளுக்குள் தானாக வழி தேடிப் போய்
விரலிலிருந்து விரலைப் பிரித்தது,
அம்மைத் தழும்பைக் கவசத்தின் துருவாக்கியது,
அடியில் எங்கோ கிடந்த மூக்கைக்
கண்டுபிடித்துக் கொடுத்தது.

வெள்ளி இரவு, பார்மனில் ஒரு மதுக்கடையின் பின்னறை.
எதிரே ஊல்ரிகே, குளிர்ப்பெட்டி பழுதுபார்ப்பவள்.
அவளுடைய ஆட்கள் பாதிப்பேர் இன்னும் சாம்பல் பிளாஸ்டிக்.
கிட்டே வரவில்லை; மேசைக்கு அந்தப்பக்கமிருந்தே பார்த்தாள்,
ஒரு கை தூரம்.
"இவன் என்னையே முறைக்கிறான்" என்றாள்,
மூக்கைப் பார்ப்பவனைக் காட்டி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பகடையை உருட்டினேன்.
ஒன்று. ஒன்று. இரண்டு.
தூங்கிய மூவரும் முதல் சுற்றிலேயே விழுந்தார்கள்.
எடுத்து ஓரமாக மல்லாத்திப் படுக்கவைத்தேன்.
வார்னிஷ் இன்னும் கொஞ்சம் ஒட்டியது.